பெண்கள்: யாருமில்லை

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஆனந்தராஜா ஐயா அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் பெரியவர்களே, முன்வரிசையில் அழுது ஓய்ந்து உட்கார்ந்திருக்கும் ஞானாக்காவின் தங்கை கனகேஸ்வரி அம்மா அவர்களே, தாசேக் கெலுகோரிலிருந்து பஸ் பிடித்து, பெர்ரிப் படகு ஏறி வந்து, நாற்காலி கிடைக்காமல் கதவோரம் நிற்கும் என் கம்போங் சனங்களே, என் ஊர்க்காரர்களே, எல்லாருக்கும் அமலம்மாளின் வணக்கம்.

தலைவர் எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். நேரம் முடிந்தால் மணி அடிப்பாராம். அதோ, மேசையில் பித்தளை மணி தயாராக இருக்கிறது. ஐயா, நான் பசாரில் கீரை விற்கிறவள். ஐந்து நிமிடத்தில் ஒரு கட்டுக் கீரையின் பெருமையைக்கூட என்னால் சொல்லி முடிக்க முடியாது. ஞானாக்காவின் பெருமையை எப்படிச் சொல்வேன்? நீங்கள் பாட்டுக்கு அடியுங்கள். நான் பாட்டுக்குப் பேசுகிறேன். கோபம் யாருக்கு முதலில் வருகிறது என்று பார்ப்போம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அக்காவுக்கும் நான் இப்படிப் பேசினால்தான் பிடிக்கும்.

எனக்கு முன்னே ஏழு பேர் பேசினார்கள். ஏழு பேரும் படித்தவர்கள். செல்வி ஞானாம்பிகை தம்பு அடக்கமானவர் என்றார்கள். அமைதியானவர் என்றார்கள். இருக்கும் இடம் தெரியாமல் இருந்தவர் என்றார்கள். எல்லாம் உண்மை. ஆனால் இருக்கும் இடம் தெரியாமல் இருந்தது அவரை எப்படி அரித்தது என்று யாராவது சொன்னீர்களா? அந்த அமைதிக்கு எங்கள் கம்போங் என்ன விலை கொடுத்தது என்று யாராவது சொன்னீர்களா? மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எனக்கு அதை மறைத்துப் பேசத் தெரியாது.

அக்கா அரசாங்க அலுவலகத்தில் சுருக்கெழுத்தாளர். பத்தொன்பது வருடம் வேலை பார்த்தார். எங்கள் வட்டாரத்துக்கு ஒரு வெள்ளக் குழு உண்டு. மழைக்காலம் தொடங்குமுன், செப்டம்பர் மாதத்தில் அது கூடும். அதிகாரிகள், போலீஸ், வடிகால் இலாகா, கம்போங் தலைவர்கள் என்று மேசையைச் சுற்றிப் பதினைந்து பேர். மூலையில் ஒரு நாற்காலி. அதில் அக்கா, ஒரு பென்சில், ஒரு நோட்டு. அவர்கள் பேசுவதை அக்கா எழுதுவார். மறுநாள் தட்டச்சு செய்வார். தலைவர் படிக்காமலே கையெழுத்துப் போடுவார்.

கூட்டக் குறிப்பு எப்படித் தொடங்கும் என்று மேடையில் இருப்பவர்களுக்குத் தெரியும். வந்தவர்கள் யார் யார்? வராதவர்கள் யார் யார்? இந்த இரண்டுக்கும் கீழே அக்கா தாமாகவே ஒரு வரி சேர்த்தார். வேலைக்கு வந்த முதல் வருடமே சேர்த்தார். ‘பெண்கள்: யாருமில்லை.’ யாரும் கேட்கவில்லை. மறுவருடமும் அதே வரி. அதற்கு மறுவருடமும் அதே வரி. ஒருவர் கண்ணிலும் படவில்லை!

பல வருடம் கழித்து அவர் இதைச் சொன்னபோது நான் விடுவேனா?

“ஏன்க்கா, நீங்கதான் அங்கேயே உக்காந்திருந்தீங்களே. நீங்க பொம்பள இல்லையா? அப்ப அந்த ஆபீஸ்ல உங்கள என்னன்னு நெனச்சிருந்தாங்க, நாற்காலின்னா?”

அக்கா சிரிக்கவில்லை.

“நான் குறிப்பெடுக்க வந்த ஆள், பிள்ளை. கணக்கில வரமாட்டன்.”

அந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

எண்பத்துமூன்றாம் வருடம், நவம்பர் மாதம், ஒரு சனிக்கிழமை. மூன்று நாளாக மழை. பிற்பகல் மூன்று மணிக்கு எங்கள் கம்போங் கெலாடியில் நூர் முகம்மது அண்ணன் கோப்பிக்கடையில் டெலிபோன் அடித்தது. ஆற்றுக்கரை தாங்காது, ஐந்து மணிக்குள் சனங்கள் எல்லாரும் பள்ளிக்கூட மேட்டுக்கு ஏறிவிட வேண்டும் என்று உத்தரவு. நூர் முகம்மது அண்ணன் தன் கடமையில் குறை வைக்கவில்லை. ரேடியோவை நிறுத்தினார். முக்காலி மேல் ஏறி நின்று மூன்று தடவை சத்தம் போட்டுச் சொன்னார். கடையில் இருபத்துமூன்று பேர். இருபத்துமூன்று பேரும் ஆண்கள். எங்கள் கம்போங்கில் பெண்கள் கோப்பிக்கடைக்குள் கால் வைப்பதில்லை. கோப்பித்தூள் வேண்டுமானாலும் ரோட்டில் நின்று கையை நீட்டி வாங்குவோம். அப்படியே பழகிவிட்டோம்.

அந்த ஆண்கள் என்ன செய்தார்கள்? மோட்டார் சைக்கிள்களை மேட்டுச் சாலைக்கு ஏற்றினார்கள். ஆடுகளை ஓட்டிப்போய்க் கட்டினார்கள். ஒருவர் தன் சண்டைச் சேவலைச் சட்டைக்குள் பொத்தி எடுத்துக்கொண்டு ஓடினார். ஐந்து மணிவரை நேரம் இருக்கிறதே! வீட்டுக்குச் சொல்லியாயிற்றா என்று ஒருவர் கேட்டால், அதுதான் நூர் முகம்மது சத்தம் போட்டாரே என்று மற்றவர் சொன்னார். அவர்கள் கெட்டவர்களா? இல்லை ஐயா. கோப்பிக்கடையில் சொன்னால் கம்போங்குக்கே சொன்னதாகும் என்று நம்பினார்கள். அவர்கள் மட்டுமா நம்பினார்கள்? வெள்ளக் குழுவே அதைத்தான் நம்பியது.

மூன்றரை மணிக்கு நான் சைக்கிளில் பசாருக்குக் கிளம்பினேன். எனக்கு அந்த உத்தரவைப் பற்றி ஒன்றும் தெரியாது. என் தங்கை சவுந்தரம் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். தண்ணீர் அவள் வீட்டு முதல் படியில் நின்றது. அவள் உள்ளே தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். காலடியில் இரண்டு வயதுப் பிள்ளை.

“ஏண்டி, தண்ணி படியில ஏறுது. புள்ளயத் தூக்கிக்கிட்டு என்னோட வா.”

“அவரு வரட்டும்க்கா. அவரு சொல்லாம வீட்டப் பூட்டிட்டு எப்படி வர்றது? வந்து தேடுவாரு லா.”

“இரு, இரு. ஒம் புருசன் பல்லக்கு எடுத்துக்கிட்டு வருவான். ஏறி உக்காந்துக்கிட்டு ராணி மாதிரி வா!”

“போக்கா, ஒனக்கு வேற வேல இல்ல.”

அவள் சிரித்தாள். நானும் சிரித்துக்கொண்டே சைக்கிளை மிதித்தேன். என் தங்கையிடம் நான் பேசிய கடைசிப் பேச்சு அந்தக் கேலிதான்.

ஐந்து மணிவரை கரை காத்திருக்கவில்லை. நாலு மணி பத்து நிமிடத்துக்கு உடைந்தது. சவுந்தரத்தை மறுநாள் கண்டெடுத்தார்கள். பிள்ளையைச் சேலை முந்தானையால் இடுப்போடு கட்டியிருந்தாள். மூன்று முடிச்சு. தண்ணீரால் அவிழ்க்க முடியவில்லை. நாங்களும் அவிழ்க்கவில்லை. அப்படியே புதைத்தோம்.

அன்று எங்கள் கம்போங்கில் இறந்தவர்கள் ஏழு பேர். நாலு பெண்கள், மூன்று பிள்ளைகள். ஏழு பேரில் வளர்ந்த ஆண் ஒருவர்கூட இல்லை. ஏன்? தண்ணீர் ஆணா பெண்ணா என்று பார்த்தா வந்தது? தண்ணீர் பார்க்கவில்லை. சேதி பார்த்தது! அது ஆண்கள் இருக்கும் இடத்துக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது.

என் தங்கை மாப்பிள்ளை வேதநாயகம் அன்று மூன்று மணிக்கு அந்தக் கடையில்தான் இருந்தார். மோட்டார் சைக்கிளை மேட்டில் ஏற்றிவிட்டுத் திரும்பி ஓடிவரும்போது கரை உடைந்துவிட்டது. இதோ கதவோரம் நிற்கிறார். அவரைத் திரும்பிப் பார்க்காதீர்கள். அவரே தன்னைப் பார்த்துக்கொண்டது போதும்.

நாங்கள் பள்ளிக்கூட மேட்டில் இருந்தோம். அங்கே ஒரு மேசை போட்டு, குடும்பத் தலைவர் பெயரைச் சொன்னால்தான் பாயும் போர்வையும் என்றார்கள். தலைவர் என்றால் ஆண். என் வீட்டுக்காரர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் நாலு வருடமாகத் திரும்பவில்லை. புருஷன் எங்கே என்று மேசையில் இருந்த மனிதர் கேட்டார்.

“சிங்கப்பூருல. தண்ணிய ஒரு ரெண்டு வாரம் நிக்கச் சொல்லுங்க. நான் கடுதாசி போட்டு அவர வரவழைக்கிறேன்.”

யாரும் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. தங்கையைப் புதைத்த மண் இன்னும் நகத்தில் இருந்தது. ஆனால் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. “வாங்கோ, இருங்கோ. உங்கட பேரைச் சொல்லுங்கோ.” தட்டச்சு இயந்திரத்தோடு ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். அமலம்மாள் என்றேன். குடும்பத் தலைவர் என்ற கட்டத்தில் டக் டக் என்று அமலம்மாள் என்றே அடித்தார். மேசை மனிதர் அது விதி இல்லை என்றார். “விதி நாங்கள் அடிக்கிறதுதான்” என்றார் அக்கா. அதுதான் அவரிடம் நான் கேட்ட முதல் அதட்டல். சத்தமே இல்லாத அதட்டல்.

பிறகு, வீட்டில் யாரையாவது இழந்தீர்களா என்று கேட்டார். சொன்னேன். பல்லக்குக் கேலியையும் சொன்னேன். அக்கா இயந்திரத்திலிருந்து கையை எடுத்தார். பிறகு சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

“செப்டம்பர் கூட்டத்தில, எச்சரிக்கையைக் கோப்பிக்கடைக்கு டெலிபோன்ல சொன்னால் போதும் எண்டு முடிவெடுத்தவை. பொம்பிளையள் அங்க போகமாட்டினமே எண்டு எனக்குத் தெரியும். வாய்வரைக்கும் வந்தது. நான் குறிப்பெடுக்க வந்த ஆள்தானே, எனக்கென்ன கதை எண்டு இருந்திட்டன். அந்த வரியை அடிச்சது நான்தான் பிள்ளை. வடிவா அடிச்சன்.”

திட்டுவதா? கட்டிப்பிடிப்பதா? அவருக்கு அந்தப் பென்சில். எனக்கு அந்தப் பல்லக்கு. இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அழுதோம்.

மணி அடித்துவிட்டீர்களா ஐயா? கேட்டது. நல்ல மணி.

எண்பத்துநாலு செப்டம்பரில் அக்கா என்னை அந்தக் கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அந்த அறையில் இருந்த குளிரில் என் கீரையை வைத்தால் ஒரு வாரம் வாடாது. நான் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தேநீர் கொண்டுவந்தவள் என்றே எல்லாரும் நினைத்தார்கள். ஒருவர் என்னிடம் சீனி கேட்டார்.

எச்சரிக்கை முறை என்ற பேச்சு வந்தது. சென்ற ஆண்டு போலவே என்றார் தலைவர். சென்ற ஆண்டு போலவே! ஏழு பேர் செத்த ஆண்டு போலவே! அப்போது தட் என்று ஒரு சத்தம். அக்கா பென்சிலைக் கீழே வைத்தார். எழுந்து நின்றார்.

“நான் பேச வேண்டும்” என்றார் மலாயில்.

மிஸ், நீங்கள் எழுதினால் போதும் என்றார் தலைவர்.

“எழுதினது போதாது. எழுதிக்கொண்டு சும்மா இருந்ததால் ஏழு பேர் செத்துப்போனார்கள்.”

பையிலிருந்து ஒரு கோப்புக் கட்டை எடுத்தார். பதின்மூன்று வருடக் கூட்டக் குறிப்புகள். ஒவ்வொன்றிலும் அந்த ஒரு வரியை மட்டும் படித்தார். எழுபத்தொன்று, பெண்கள் யாருமில்லை. எழுபத்திரண்டு, பெண்கள் யாருமில்லை. எழுபத்துமூன்று, பெண்கள் யாருமில்லை. பதின்மூன்று தடவை. கடைசித் தடவை படித்தபோது ஏழு பெயரையும் சேர்த்துப் படித்தார். சவுந்தரத்தின் பெயர் நாலாவது. பிள்ளையின் பெயர் ஐந்தாவது.

ஒரு கம்போங் தலைவர் மட்டும், வீட்டுப் பெண்களுக்கு ஆண்கள் சொல்லிவிடுவார்களே என்றார். அதற்குமேல் என் வாய் சும்மா இருக்குமா?

“உங்க வீட்டம்மா எந்தக் கோப்பிக்கடையில உக்காந்து கோப்பி குடிக்கிறாங்க, அண்ணே?”

ஒருவர் சிரித்தார். பிறகு அவரும் தலையைக் குனிந்துகொண்டார்.

அன்று மாலையே அக்கா குறிப்பை அடித்து எனக்குக் காட்டினார். ‘பெண்கள்: இருவர்.’ நான் ஒருத்திதானே, இன்னொருத்தி யாரென்று கேட்டேன். “நான்தான் பிள்ளை” என்றார். வேலைக்குச் சேர்ந்த பதின்மூன்று வருடத்தில் அன்றுதான் அவர் தன்னை எண்ணினார்.

அதன்பின் நாலு வருடம் எடுத்தது. எத்தனை கடிதம்! எத்தனை வாசல்! எத்தனை “நாளைக்கு வாங்க!” கடைசியில் வட்டார வெள்ள விதிகளில் எழுதி வாங்கினார். கரை உடையும் அபாயம் என்றால் சேதி வீட்டுக்கே போக வேண்டும். பத்து வீட்டுக்கு ஒரு பெண் சேதி சொல்ல வேண்டும். நிவாரண அட்டையில் மனைவி பெயரும் இருக்க வேண்டும், புருஷன் இல்லாதவள் தன் பெயரிலேயே வாங்கலாம். தங்கும் இடத்தில் பெண்களின் கழிவறை வெளிச்சத்தில் இருக்க வேண்டும். இந்த வரியை அக்கா சேர்த்தபோது கூட்டத்தில் சிரித்தார்கள். அந்த இருட்டுக்கு நடந்து போனவர்கள் நாங்கள், நாங்கள் சிரிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, குழுவில் இரண்டு பெண்கள் இருந்தே ஆக வேண்டும். ஒன்று ஞானாக்கா. ஒன்று நான்.

எண்பத்தெட்டில் அதே கரை, அதே இடத்தில் உடைந்தது. உடைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே சேதி சொல்லும் பெண்களில் ஒருவரான எங்கள் காமாரியா அக்கா தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு பாரிட் வாய்க்கால் ஓரமாக வீடு வீடாக அடித்துக்கொண்டே ஓடினார். மாதா கோயில் மணியை வேதநாயகம் அடித்தார். கை தோல் உரியும்வரை அடித்தார், நிறுத்தச் சொல்லியும் நிறுத்தவில்லை. யாரும் புருஷனுக்காகக் காத்திருக்கவில்லை. பள்ளிக்கூட மேட்டில் அக்கா பட்டியல் அடித்தார். இறந்தவர்கள் என்ற இடத்தில் என்ன அடித்தார் தெரியுமா? யாருமில்லை! அந்த வார்த்தையை அவர் சந்தோஷமாக அடித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

இப்போது கேளுங்கள். விதிகளைச் சுருக்கமாக்கப் போகிறார்களாம். புதிய நகலில் நிவாரண அட்டை மறுபடியும் குடும்பத் தலைவருக்கு. சேதி மறுபடியும் டெலிபோனுக்கு. பெண்கள், தேவைப்பட்டால் குழுவுக்கு அழைக்கப்படலாமாம். தேவைப்பட்டால்! இலை ஓரத்து ஊறுகாய் மாதிரி! வரும் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வெள்ளக் குழு கூடி அதை நிறைவேற்றப் போகிறது.

இது கூடாது என்று அக்கா தீர்மானம் அடித்து வைத்திருந்தார். ஓய்வுபெற்று இரண்டு வருடம் ஆகிவிட்டது, மார்பில் புற்றுநோய், ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்துகொண்டு ஒரு விரலால் அடித்தார். முன்மொழிபவர் ஞானாம்பிகை. வழிமொழிபவர் அமலம்மாள். அந்தக் குழுவில் ஒரு முறை உண்டு. தீர்மானம் எடுபட வேண்டுமானால் இரண்டு உறுப்பினர்கள் எழுந்து நிற்க வேண்டும். உட்கார்ந்துகொண்டு கை தூக்கினால் செல்லாது. ஆண்கள் யாரும் நிற்கமாட்டார்கள், நான் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

சென்ற திங்கட்கிழமை அக்கா என் கையைப் பிடித்துச் சொன்னார். “எழும்பி நிக்க ஒரு ஆள் வேணும் பிள்ளை. நீ தனியாப் போனா உன்னட்டச் சீனி கேப்பினம்.” சாகிற நேரத்தில் என்னைக் கேலி செய்துவிட்டார் பாருங்கள்! என் தொழிலை என்னிடமே காட்டிவிட்டார்! நான் சிரித்தேன். மறுநாள் விடியுமுன் போய்விட்டார்.

அவர் இடத்துக்கு வேறொரு பெண்ணின் பெயரைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு. எங்கள் வட்டாரத்தில் குடியிருக்க வேண்டும், நாளை மாலைக்குள் பெயர் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். ஆறு பேரைக் கேட்டேன். ஆறு பேரும் அவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார்கள். அவரு வரட்டும்க்கா. அதே பேச்சு. தண்ணீர் படியில் நிற்கிறது, அதே பேச்சு!

பெரியவர்களே, இந்த மேடையை ஒரு தடவை பாருங்கள். ஒன்பது நாற்காலி. ஒன்பதிலும் ஆண்கள். பேச ஏறிய என்னை விட்டால், இந்த மேடையில் இருக்கும் ஒரே பெண், மாலை போட்ட படத்தில் இருக்கிறார்.

இல்லை, தவறு. இன்னொருத்தி இருக்கிறாள். மேடை மூலையில் முக்காலி போட்டு, நான் பேசுவதை எல்லாம் எழுதிக்கொண்டிருக்கிறாள் பாருங்கள், இந்தக் கூட்டத்தை நடத்தும் சங்கத்தின் குமாஸ்தா தனலெட்சுமி. எங்கள் கம்போங் பிள்ளை, இன்றும் அங்கேதான் குடியிருக்கிறாள். எண்பத்துமூன்றில் அவளைப் பலகை வீட்டுக் கூரையிலிருந்து இறக்கினோம். அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. இன்று காலை பெர்ரியில் அவளையும் கேட்டேன். என்ன சொன்னாள் தெரியுமா?

“ஐயோ, நான் மினிட் எழுதுறவ லா, அக்கா. எனக்கு எதுக்கு இதெல்லாம்?”

குறிப்பெடுக்க வந்த ஆள் என்று ஞானாக்கா பதின்மூன்று வருடம் சொன்னதையேதான் இவளும் சொன்னாள்.

அக்கா, உங்கள் படத்துக்கு முன்னால் சொல்கிறேன். என்னால் உங்களைப் போல் எழுத முடியாது. ஆனால் நிற்க முடியும். வியாழக்கிழமை பத்து மணிக்கு நான் நிற்பேன். நீங்கள் விட்டுப்போன காகிதத்தை என் வாயால் படிப்பேன், எழுத்துக்கூட்டியாவது படிப்பேன். கம்போங் கெலாடியில் இனி ஒருத்தி, சேதி வராமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க விடமாட்டேன். ஆனால் இரண்டு பேர் வேண்டும்.

தனலெட்சுமி, இன்றைய குறிப்பில் பெண்கள் எத்தனை பேர் என்று எழுதினாய்? எண்ணவில்லையா? பரவாயில்லை, இப்போது எண்ணு. உன்னிலிருந்து தொடங்கு. அதற்குமுன் அந்தப் பேனாவைக் கீழே வை. வையம்மா. நாங்கள் காத்திருக்கிறோம். எங்களுக்கு ஒன்றும் அவசரமில்லை, தலைவர்தான் மணியில் கை வைத்துக்கொண்டிருக்கிறார்.

ஆனந்தராஜா ஐயா, இப்போது அடியுங்கள். நன்றாகக் கேட்கும்படி அடியுங்கள். பிள்ளை எழுந்துவிட்டாள்.